போர்ஷனும் முடியணும், நீட்டும் நடக்கணும்: ஓர் இயற்பியல் ஆசிரியைக்குப் பதில்

கேள்வி:

ஐயா, நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பு பயாலஜி-மேத்ஸ் குரூப்பில் 38 பேர், எல்லோரும் தமிழ் வழி. ஏழு பேர் நீட் எழுத ஆசைப்படுகிறார்கள். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைத்துப் பார்த்தேன். கடைசி டவுன் பஸ் 5.10-க்கு என்பதால் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் போன வருடம் வகுப்பு நேரத்திலேயே வாரம் இரண்டு பீரியட் நீட் கணக்குப் போட்டேன். எழுதப்போகிறவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சர், இது பப்ளிக்ல வருமா?" என்று ஒரு பெண் கேட்டாள், பதில் சொல்ல முடியவில்லை. அரையாண்டில் ரிசல்ட் இறங்கியதும் தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். போர்ஷனை முடித்தால் நீட் நடக்கவில்லை, நீட் நடத்தினால் போர்ஷன் முடியவில்லை. இரண்டையும் வகுப்புக்குள்ளேயே எப்படிச் சேர்ப்பது? நல்ல கைடு ஒன்று சொன்னாலும் உதவியாக இருக்கும்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் செய்த தவற்றை நான் உங்களுக்கு முன்பே, இன்னும் பெரிதாகச் செய்திருக்கிறேன். 1990-களில் தொழிற்கல்விக்கு மாநில நுழைவுத்தேர்வு இருந்தது. கட்-ஆஃப் 300-க்கு, பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடை வாங்கிக்கொண்டு, ஒரு கைடிலிருந்து கேள்வியையும் விடையையும் வாசிப்பேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். வருடக் கடைசியில் நானூறு கேள்வி சேர்ந்துவிட்டது. பெருமையாக இருந்தது. மாதிரித் தேர்வுக்கு ஸ்டென்சில் வெட்டும்போது, சும்மா ஒரு குறும்புக்காக விடைகளின் வரிசையை மட்டும் மாற்றினேன். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பையன் எழுந்து, "சார், இதுக்கு விடை 'இ'தானே? இங்க 'இ'ல வேற என்னமோ இருக்கே" என்றான். நானூறு கேள்வியையும் அவன் படித்திருந்தான், எழுத்தோடு சேர்த்து.

அந்தத் தேர்வு 1984-ல் வந்தது, 2006-ல் கொண்டுவந்த சட்டத்தால் போனது. 2017-லிருந்து நீட். தேர்வு மாறினாலும் வாரம் இரண்டு பீரியடைத் தனியாக வெட்டி எடுக்கிற நம் பழக்கம் மாறவில்லை. உங்கள் ரிசல்ட் இறங்கியதற்கு அந்த வெட்டுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பீரியட் போனது மட்டும் காரணமில்லை. அந்த இரண்டு பீரியடும் 31 பிள்ளைகளிடம் "இது உனக்கில்லை" என்று சொன்னதும் சேர்ந்துதான்.

அதனால் தனி நேரம் தேடாதீர்கள். ஏற்கனவே நடக்கிற பாடத்துக்குள் நீங்கள் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். நான் சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் இரண்டு வினாத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பிளஸ் டூ இயற்பியல் தாள் 70 மதிப்பெண். அதில் 15 ஒன் மார்க், எல்லாம் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. இரண்டு மதிப்பெண் பகுதியில் 24-வது கேள்வியும், மூன்று மதிப்பெண் பகுதியில் 33-வது கேள்வியும் கட்டாய வினா, பெரும்பாலும் கணக்குதான். ஆகக் கிட்டத்தட்ட இருபது மதிப்பெண், நீட் கேட்கிற அதே திறமையைத்தான் கேட்கிறது. அந்த இருபதை நாம் எப்படி நடத்துகிறோம்? புக் பேக் ஒன் மார்க்கை ஒரே நாளில் வாசித்து டிக் அடிக்க வைக்கிறோம். கட்டாய வினாவுக்குப் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்கை அப்படியே எழுத வைக்கிறோம். நீட்டுக்கு இடம் இல்லை என்கிறோமே, இடம் அங்கேதான் சும்மா கிடக்கிறது. பாடமும் பெரிய அளவில் வேறு இல்லை. 2018-19-ல் பதினொன்றுக்கும் அடுத்த வருடம் பன்னிரண்டுக்கும் வந்த புதிய புத்தகத்தில் நீட் இயற்பியலுக்குத் தேவையானதில் பெரும்பகுதி இருக்கிறது. நம்மிடம் இருந்து நீட்டில் இல்லாதது என்றால், பன்னிரண்டின் கடைசி அலகான அண்மைக்கால வளர்ச்சிகளைச் சொல்லலாம்.

இனி அந்த இருபதை வைத்து ஒரு நாள் என்ன செய்யலாம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பள்ளியில் நான் மாதிரி வகுப்பு எடுத்தபோது நடந்தது இது.

மின்னோட்டவியல் பாடம். மின்தடை நீளத்துக்கு நேர்த்தகவு, குறுக்குவெட்டுப் பரப்புக்கு எதிர்த்தகவு என்று அவர்கள் டீச்சர் முந்தின நாளே நடத்தியிருந்தார். நான் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். 5 ஓம் மின்தடை உள்ள ஒரு கம்பியை இழுத்து இரு மடங்கு நீளமாக்கினால் மின்தடை எவ்வளவு? ஒன்று, 2.5 ஓம். இரண்டு, 5 ஓம். மூன்று, 10 ஓம். நான்கு, 20 ஓம். ஒரு நிமிடம் யாரும் பேசக் கூடாது, பிறகு நான் சொல்லும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு நேராக விரலைக் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் மூன்று விரல். ஏழெட்டுப் பேர் இரண்டு விரல். ஒருவன் பக்கத்தில் பார்த்துவிட்டு நான்கை மூன்றாக்கினான்.

விடையை நான் சொல்லவில்லை. "பக்கத்துல இருக்கிறவங்களை ஒத்துக்க வைங்க" என்றேன். இரண்டு நிமிடம் சந்தைக்கடை. ஒரு பெண் சத்தமாக, "கம்பி அதே கம்பிதானே, நீளம்தானே கூடுச்சு, அப்ப பத்துதான்" என்று சாதித்தாள். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "வீட்ல சப்பாத்தி மாவை உருட்டி இழுத்துப் பாரு, மெலிசா ஆகும்ல" என்றான். வகுப்பு சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. யோசித்தாள், விரலை நான்காக்கினாள். நீளம் இரு மடங்கு, பரப்பு பாதி, ஆகவே நான்கு மடங்கு, 20 ஓம். இதைச் சொன்னது நான் இல்லை, சப்பாத்தி மாவு.

அடுத்த மூன்று நிமிடம்தான் முக்கியம். தவறான விடை ஒவ்வொன்றையும் எடுத்து, "இதைப் போட்டவர் என்ன நினைத்திருப்பார்?" என்று கேட்டேன். 10 போட்டவர் பரப்பை மறந்தார். 5 போட்டவர், பொருள் மாறவில்லையே என்று மின்தடை எண்ணையும் மின்தடையையும் குழப்பிக்கொண்டார். 2.5 போட்டவர் சூத்திரத்தைத் தலைகீழாக வைத்திருந்தார். ஒரு தவறான விடை, ஒரு குழப்பம். நீட் கேள்வி தயாரிப்பவர்கள் இப்படித்தான் விடைகளை வைக்கிறார்கள். பிள்ளை எங்கே சறுக்குவாள் என்று யோசித்து, சறுக்கின இடத்தில் ஒரு எண்ணைத் தயாராக வைத்திருப்பார்கள். அவள் போடுகிற தவறான கணக்குக்கும் விடை அங்கே இருக்கும், இருப்பதைப் பார்த்ததும் சந்தோஷமாக நிரப்பிவிடுவாள்.

மொத்தம் ஏழு நிமிடம். அந்த வகுப்பில் யார் நீட் எழுதப்போகிறவர், யார் பி.காம். சேரப்போகிறவர் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் தேவைப்படவில்லை. மறுநாள் அதே கம்பியை 10 சதவீதம் மட்டும் இழுத்தால் மின்தடை எத்தனை சதவீதம் கூடும் என்று கேட்கலாம். 1.1-ஐ 1.1-ஆல் பெருக்கினால் 1.21, ஆக 21. பெரும்பாலானவர்கள் 10 அல்லது 20 என்பார்கள். மூன்றாம் நாள், அதே 5 ஓம் கம்பியை நடுவில் மடித்து முறுக்கினால்? இரண்டு 2.5 ஓம் பக்க இணைப்பில், 1.25. ஒரே கம்பி மூன்று நாள் ஓடும். 33-வது கேள்விக்கும் இதுவே பயிற்சி. இனி அந்தப் பெண் "பப்ளிக்ல வருமா?" என்று கேட்டால் தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம்.

விரல் காட்டி, பிறகு பக்கத்தில் வாதாடி, மறுபடி விரல் காட்டுவது நான் கண்டுபிடித்ததில்லை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களிலேயே இப்படி வகுப்பெடுத்துப் புகழ்பெற்றார். அங்கே அதற்குக் கருவியெல்லாம் உண்டு. நமக்கு விரல் போதும்.

ஏழு நிமிடம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள்: நோட்ஸ் எழுதிப்போடுவதிலிருந்து வரும். ஐந்து மதிப்பெண் விடையைப் புத்தகத்திலிருந்து கரும்பலகைக்கும், கரும்பலகையிலிருந்து நோட்டுக்கும் மாற்றுகிற வேலை ஒரு பீரியடில் கால்வாசியைத் தின்கிறது. புத்தகத்தில் தெளிவாக இருக்கிற வருவித்தலுக்கு, படம், முக்கியமான மூன்று நான்கு படிகள், கடைசிச் சூத்திரம், இவ்வளவு மட்டும் பலகையில் போடுங்கள். முழுதாக எழுதுவது வீட்டு வேலை. மெல்லக் கற்கும் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் எழுதிய தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

வருவித்தல் முடிந்ததும் கரும்பலகையை அழிக்காதீர்கள். பப்ளிக் கேள்வி சூத்திரத்தோடு முடிந்துவிடும், நீட் கேள்வி அங்கேதான் ஆரம்பிக்கும். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலம் வருவிக்கிறீர்கள். முடிவில் தொலைவு மூன்றடுக்காகக் கீழே நிற்கிறது. "சரி, இப்ப தொலைவை இரு மடங்காக்கினா?" எட்டில் ஒரு பங்கு. "அதே தொலைவுல, நடுவரைக் கோட்டுல இருந்தா?" பாதி, திசையும் எதிர். இரண்டு கேள்வி, ஒன்றரை நிமிடம். சூத்திரத்தை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கத் தெரியாமல் போவதுதான் நம் பிள்ளைகளின் பெரிய குறை. அது இந்த ஒன்றரை நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும்.

ஜூலையில் தொடங்கி ஜனவரி வரை, தேர்வு நாட்களையும் விடுமுறைகளையும் கழித்து 25 வாரம் கிடைத்தால், வாரத்துக்கு ஐந்து கேள்வி வீதம் 125. கோச்சிங் சென்டரில் ஆயிரக்கணக்கில் போடுகிறார்களே என்று தோன்றும். போடட்டும். தவறான விடை வரை தோண்டிய 125, டிக் அடித்த ஆயிரத்தைவிட எனக்கு மேல்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாத பதினொன்றாம் வகுப்பு. நீட் இயற்பியலில் ஏறக்குறைய பாதி அங்கிருந்துதான் வருகிறது. 2017-18-ல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது, பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்துப் பிளஸ் டூவை இரண்டு வருடம் நடத்துகிற பழக்கத்துக்கு ஒரு தடை விழுந்தது. 2025-26-லிருந்து அந்தப் பொதுத்தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. உங்கள் பள்ளியில் பதினொன்றை யார் எடுக்கிறார் என்று பாருங்கள். நீங்களே என்றால் பிரச்சினை இல்லை. வேறொருவர் என்றால் ஒரு டீ குடித்துக்கொண்டே பேசிவிடுங்கள், தினம் ஒரு கேள்வி அங்கேயே ஆரம்பிக்கட்டும்.

இந்த வருடப் பிள்ளைகளுக்குப் பதினொன்றைத் திரும்ப நடத்த நேரம் கிடைக்காது. பன்னிரண்டின் பாடத்தில் கொக்கி போட வேண்டியதுதான். இரண்டு இணைத்தட்டுகளுக்கு நடுவே நுழைகிற எலக்ட்ரான் எறிபொருள் மாதிரியே பரவளையத்தில் போகிறது. அந்த வாரம் அன்றாடக் கேள்வி எறிபொருளாக இருக்கட்டும். ஒரே வேகத்தில் 30 டிகிரியிலும் 60 டிகிரியிலும் எறிந்தால் எது தூரம் போகும் என்று கேளுங்கள், வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். இரண்டும் ஒரே தூரம். மின்புலத்தில் இருமுனை திரும்பும்போது திருப்பு விசை. மின்தூண்டியும் மின்தேக்கியும் சேர்ந்து அலைவுறும்போது சுருள்வில்லும் நிறையும். கூலூம் விதியின்போது ஈர்ப்பியல். வெப்ப இயக்கவியலுக்கு மட்டும் இப்படி நல்ல கொக்கி கிடைக்காது, அதைக் காலாண்டு விடுமுறையில் வாசிக்கக் கொடுத்துவிட்டு வந்ததும் நான்கைந்து கேள்வி கேளுங்கள்.

ஆய்வகத்தையும் விட்டுவிடாதீர்கள். இப்போதைய நீட் இயற்பியல் பாடத்திட்டத்தின் கடைசி அலகு செய்முறைத் திறன்தான். வெர்னியர், திருகு அளவி, தனி ஊசல், மீட்டர் சமனச்சுற்று, டையோடு எல்லாம் அதில் உண்டு. நம் பள்ளிகளில் செய்முறை என்றால் பிப்ரவரியில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவது என்று ஆகிவிட்டது. திருகு அளவியைக் கையில் கொடுத்து, முனைகளை ஒட்ட வைத்துத் தலைக்கோலின் சுழி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். சுழி மூன்று பிரிவு கீழே போய் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு கம்பியை அளந்தால் புரிக்கோல் அளவு 2 மில்லிமீட்டர், தலைக்கோல் ஒன்றிப்பு 47, மீச்சிற்றளவு 0.01. விட்டம் 2.47 என்பார்கள். சுழிப்பிழை நேர்க்குறி, ஆகவே 0.03-ஐக் கழிக்க வேண்டும், 2.44. கூட்டுவதா கழிப்பதா என்பதில் கோச்சிங் போகிற பிள்ளைகளே தடுமாறுவார்கள். கருவியைக் கையில் பிடித்துப் பார்த்த பிள்ளை தடுமாற மாட்டாள். நம்மிடம் ஆய்வகம் இருக்கிறது. பல கோச்சிங் சென்டரில் அது கிடையாது.

ஸ்லிப் டெஸ்ட் பற்றி. வாரம் ஒரு ஸ்லிப் டெஸ்ட் எப்படியும் வைப்பீர்கள். அதில் பத்து ஒன் மார்க் நீங்களாகவே தயாரித்ததாக இருக்கட்டும், எண்களையும் விடைகளின் வரிசையையும் மாற்றி. முதல் பருவத்தில் நேரம் வைக்காதீர்கள். நீட்டில் 180 நிமிடத்தில் 180 கேள்வி, ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்று ஜூனிலேயே பயமுறுத்தினால் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு ஊகிக்க ஆரம்பிப்பாள். அரையாண்டுக்குப் பிறகு பத்துக் கேள்விக்குப் பதினைந்து நிமிடம், பிறகு பன்னிரண்டு என்று இறுக்கினால் போதும்.

ஊகிப்பது பற்றி ஒன்று. "தெரியாத கேள்வியைத் தொடாதே, மைனஸ் விழும்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படியே சரியில்லை. சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று குறையும். ஒன்றுமே தெரியாமல் நூறு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், சராசரியாக 25 சரி, அதற்கு 100. 75 தவறு, அதற்கு 75 போகும். மிச்சம் 25. நிச்சயம் தவறு என்று இரண்டு விடையை ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைப் போட்டால், நூறில் 50 சரி, 200-லிருந்து 50 போக 150. அதாவது கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். ஆகவே "தொடாதே" என்பதைவிட "எதை ஒதுக்க முடியும் என்று பார்" என்பதே நல்ல அறிவுரை. தவறான விடையைத் தினமும் ஏழு நிமிடம் ஆராய்ந்த பிள்ளைக்கு இந்த ஒதுக்கல் கைவந்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்ததைத் தெரிந்ததாக நினைத்துப் போடுவதில்தான் ஆபத்து, ஏனென்றால் அந்த அரைகுறைக்கென்றே ஒரு விடை காத்திருக்கும். இந்தக் கணக்கையே ஒரு நாள் வகுப்பில் போட்டுக் காட்டுங்கள், நிகழ்தகவு படிக்கிற பிள்ளைகள்தானே.

தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு மொழி இன்னொரு மேடு. தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் இருக்கும். மொழிபெயர்ப்பில் வேறுபாடு வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் கலைச்சொல் வரும்போதெல்லாம் கரும்பலகையின் வலது ஓரத்தில் இரண்டு மொழியிலும் எழுதி வையுங்கள். மின்தேக்குத்திறன் என்று நடத்தினாலும் 'கெப்பாசிட்டன்ஸ்' என்ற சொல்லைப் பார்த்தால் பிள்ளை மிரளக் கூடாது. கேள்வியைத் தமிழில் படித்துவிட்டு, எண், அலகு, 'இல்லை' 'தவறானது' போன்ற சொற்கள், இவற்றை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு முறை சரிபார்க்கப் பழக்குங்கள். அன்றாடக் கேள்வியை வாரம் ஒரு நாள் ஆங்கிலத்தில் போட்டால் இது தானாக வரும்.

மற்ற 31 பேரை இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. கட்-ஆஃப் 200-ல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உங்கள் பாடத்தில் போகிற ஒவ்வொரு மதிப்பெண்ணும் கட்-ஆஃபில் அரை மதிப்பெண். அவர்களுக்குப் பொதுத்தேர்வுதான் நுழைவுத்தேர்வு. போர்ஷன் ஏன் முடியவில்லை என்று அவர்கள் பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்வி.

அந்த ஏழு பேரிடம் நேராகப் பேசுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது, அது பெரிய வாசல். ஆனாலும் ஏழு பேருக்கும் இடம் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். தவிர, நீட் உங்கள் ஒருவர் தோளில் இல்லை. 720-ல் உயிரியல் 360. தாவரவியல், விலங்கியல் ஆசிரியர்களும் இதே மாதிரி தினம் ஒரு கேள்வி கேட்டால்தான் உங்கள் உழைப்புக்குப் பலன். இயற்பியலின் 45 கேள்வியையும் போட வேண்டும் என்ற பேராசை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம். 25 சரி, ஐந்து தவறு, மீதியை விட்டுவிட்டால் 95. முதல் சுற்றில் முப்பது கேள்வியை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்யப் பழகட்டும். 2025 தேர்வில் இயற்பியல் கடினமாக இருந்ததென்று பரவலாகப் பேச்சு. அப்படிப்பட்ட தாளில் எதை விடுவது என்று தெரிந்தவர்தான் பிழைப்பார்.

முழு மாதிரித் தேர்வு வகுப்பு நேரத்தில் வேண்டவே வேண்டாம். மார்ச்சில் பொதுத்தேர்வு முடிகிறது, நீட் வழக்கமாக மே முதல் ஞாயிறு. நடுவில் ஐந்து வாரமாவது கிடைக்கும். அப்போது அந்த ஏழு பேரை மட்டும் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லுங்கள். தேர்வு நடப்பது பிற்பகல் 2 முதல் 5 வரை, ஆகவே உங்கள் மாதிரித் தேர்வும் அதே நேரத்தில் நடக்கட்டும். சாப்பிட்டதும் கண் சொக்கும், ஏப்ரல் வெயிலுக்கு மின்விசிறிக் காற்றும் அனலாக வரும். உடம்பு அதற்குப் பழகியிருக்க வேண்டும். ஓ.எம்.ஆர். தாளைப் பேனாவால் நிரப்பினால் அழிக்க முடியாது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொள்வார்கள். விடைத்தாள் திருத்துகிற வேலையை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், 5.10 பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். இல்லாவிட்டால் கால் மணி முன்னதாக, 1.45-க்கு ஆரம்பித்துவிடுங்கள்.

கைடு கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். தேசியத் தேர்வு முகமை நடத்திய பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் அவர்கள் இணையதளத்தில் கிடைக்கின்றன. அதில் ஒரு விஷயம் கவனியுங்கள். 2021 முதல் 2024 வரை 200 கேள்வி கொடுத்து 180-க்கு விடையளிக்கச் சொன்னார்கள், ஒவ்வொரு பாடத்திலும் 'பி' பகுதி என்று ஒன்று இருக்கும். 2025-ல் அது போய் மறுபடி 180 கேள்வி, மூன்று மணி நேரம் என்று ஆகிவிட்டது. பழைய தாளை மாதிரித் தேர்வுக்கு எடுக்கும்போது பாடத்துக்கு ஐந்து கேள்வியை, உயிரியலில் என்றால் பத்தை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் நேரம் போதவில்லை என்று வீணாகக் கலங்குவார்கள். அன்றாடக் கேள்விக்கு அதே தாள்களிலிருந்து, அன்று நடத்தின பாடத்துக்கு ஏற்ற ஒன்றை எடுத்து, எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 125 கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே எந்தத் தவறான விடைக்கு அதிக விரல் எழுந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த வருட வகுப்புக்கு அந்த நோட்டுதான் கைடு.